டாக்டருக்கே இருக்கு

1

இது கதையாகப் பிறந்ததல்ல, கடிதமாகப் பிறந்தது. போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் மாடக்கண்ணு தென்காசியில் என் வீடு தேடி வந்து, மதராஸிலிருக்கும் ஒரு பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதித் தருகிறவன் நான்தான். மீதிப் பாதிக்கு, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுகிறவன்.

"ஒம்ம தொண்டையப் பத்தி எழுதணுமாக்கும்?" என்று கேட்டேன். தை மாதத்திலிருந்து மாடக்கண்ணுவுக்குக் குரல் இல்லை. காற்றுதான் வருகிறது. பக்கத்தில் காதை வைத்தால் அதில் வார்த்தை இருக்கும்.

"என் தொண்டைக்கு என்ன," என்றார் அந்தக் காற்றில். "டாக்டரய்யா கழுத்தப் பத்தி எழுதணும்."

காகிதத்தை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். [டாக்டர் கிறிஸ்தவர் என்று ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். பிறகு, எழுதச் சொல்லுகிறவர் மாடக்கண்ணுதானே என்று மறுபடியும் போட்டேன்.] எழுதினேன்:

"மகாராஜராஜஸ்ரீ டாக்டர் அவர்கள் சமுகத்துக்கு, எண்ணெய் தேய்க்கும் மாடக்கண்ணு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். தங்கள் கழுத்திலிருக்கும் கட்டி இப்போது எப்படி இருக்கிறது?"

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இருபது வருஷமாகக் கடிதம் எழுதுகிறேன். நோயாளி டாக்டரைப் பார்த்து இப்படிக் கேட்டதை எழுதியதில்லை. "என்ன சங்கதி, முழுசாச் சொல்லும்" என்றேன். அவர் சொல்லச் சொல்ல அது கடிதத்துக்குள் அடங்குகிற சமாசாரமாகத் தெரியவில்லை.

2

கடிதத்துக்குள் அடங்காதது கதைக்குள் அடங்கும் என்று நினைத்தேன். எல்லோரையும் போல நானும் நல்ல தொடக்கம் ஒன்று தேடினேன்.

(அ) "திரிகூட மலையின் மேல் மேகம் கவிந்து, சாரல் மெல்ல மெல்ல இறங்கி, அருவியின்

நிறுத்திவிட்டேன். நான் கதை அனுப்பும் மதராஸ் பத்திரிகையின் ஆசிரியர் போன தடவையே எழுதியிருந்தார்: "குற்றாலத்துக் கதைகளில் சாரலைச் சற்றுக் குறைக்கவும். இங்கே வெயிலில் உட்கார்ந்து வாசிக்க எரிச்சலாக இருக்கிறது."

(ஆ) "நோயும் நோக்காடும் மானிடப் பிறவிக்கு

வாத்தியார் தலைகாட்டுகிறார். அடித்தாயிற்று.

(இ) "மாடக்கண்ணுவுக்குத் தொண்டை கட்டியது."

இது பரவாயில்லை. யாருக்கு, என்ன, இரண்டும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மாடக்கண்ணுவுக்குத் தொண்டை கட்டியது. தை மாதப் பனி என்றார்கள். மாசியிலும் கட்டியிருந்தது, பனி பின்வாங்கவில்லை என்றார்கள். பங்குனியில் பனி இல்லை, தொண்டைக்கட்டு இருந்தது. அப்போது சூடு என்றார்கள். கடையத்து வைத்தியர் ஒருவர் சித்தரத்தையும் அதிமதுரமும் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் அதைத் துப்பிவிட்டு மிளகும் பனங்கற்கண்டும் மெல்லச் சொன்னார். சித்திரையில் வலது தாடைக்குக் கீழே கடலைப் பருப்பு அளவில் ஒன்று உருண்டது. வலது காதில் விட்டுவிட்டு வலித்தது.

மாடக்கண்ணு உடம்பு பிடிக்கிற ஆள். அவர் கணக்கில் உடம்பிலிருக்கும் எந்த முடிச்சும் வாயு. வாயு என்றால் விரலுக்கு அவிழும். தினமும் காலையில் எண்ணெயைத் தொட்டு அந்தப் பருப்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். வைகாசியில் அது நெல்லிக்காய் ஆயிற்று.

இதைவிடப் பெரிய சங்கடம் தொழிலில் வந்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவனுக்கு இரண்டு கை போதாது, வாயும் வேண்டும். பாறைமேல் உட்காரவைத்து, தலையில் எண்ணெயை வைத்துத் தட்ட ஆரம்பித்தால் கூடவே பேச்சும் ஆரம்பிக்க வேண்டும். எந்த ஜமீனில் என்ன வழக்கு, எந்தப் பங்களாவில் யார் யாரோடு வந்திருக்கிறார்கள், போன வருஷம் அருவியில் விழுந்த கல் யார் தலையில் விழ இருந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். கை அமுக்குவது உடம்பைத்தான். ஆளை அடுத்த நாளும் வரவைப்பது பேச்சு. மாடக்கண்ணு அதில் சூரர். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஒரு கொலைக் கேஸ் சொன்னால், தீர்ப்புக் கேட்பதற்காக ஆள் மறுநாள் மற்ற முழங்காலைக் கொண்டுவருவான்.

குரல் போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். ஊமையன் கையில் உடம்பைக் கொடுக்க யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனி பிறந்து, சீசன் களைகட்டி, அருவிக்கரையில் நாற்பது பேர் பேசிக்கொண்டே எண்ணெய் தேய்க்கும்போது மாடக்கண்ணு மட்டும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் வந்தார்.

4

டாக்டரைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அவரை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் பின்னாலிருந்து, துண்டு கட்டிக்கொண்டு அருவிக்குள் நுழையும்போது பார்த்தேன். ஒரு மனிதரின் முதுகை வைத்துக்கொண்டு பாத்திரம் படைப்பது கஷ்டம். பெயரை மாற்றி அருமைநாயகம் என்று வைத்திருக்கிறேன். சீமைக்குப் போய்த் தொண்டைக்கென்றே படித்துவிட்டு வந்தவர் என்பது மட்டும் நிஜம். மதராஸில் அவரிடம் தொண்டையைக் காட்ட மாதக்கணக்கில் காத்திருப்பார்களாம்.

அதற்கு முந்தின வருஷம் அவர் வந்தபோது இந்தச் செய்தி தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி எல்லாம் பரவிவிட்டது. வரிசையாக ஜனங்கள் வந்தார்கள். அவர் தங்கியிருந்த பங்களாவில் விடவில்லை என்றதும் அருவிக்கே போய்விட்டார்கள். டாக்டர் கண்ணை மூடித் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருக்கிறார். கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே பத்துப் பன்னிரண்டு பேர் ஈரத்துணியோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். அருவிச் சத்தத்தில் பேசினால் கேட்காது என்று யாரும் பேசவில்லை. வாயை மட்டும் திறந்தார்கள்.*

ஆகையால் இந்த வருஷம் பங்களா மேனேஜர் ஆவுடைநாயகம் பிள்ளை எண்ணெய் தேய்க்கிறவர்களை எல்லாம் கூட்டிவைத்துச் சொன்னார்: "டாக்டரய்யா ஓய்வுக்கு வந்திருக்காரு. எவனாவது நோவு நொடின்னு அவருகிட்ட வாயத் தெறந்தியோ, அப்புறம் இந்தச் சீசன்ல ஒருத்தனும் இங்கன கால் வைக்க முடியாது பாத்துக்கிடுங்க."

முதல் நாள் டாக்டர் பாறைகளைச் சுற்றி வந்தார். நாற்பது வாய்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூடியிருந்தது. டாக்டர் அங்கே போய் உட்கார்ந்தார்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எனக்கே நம்ப முடியவில்லை. தொண்டைக்குள் என்னவோ ஆகிக் குரல் போன ஒரு மனிதர், இந்த மாகாணத்திலேயே தொண்டைக்குப் பெரிய டாக்டரின் கழுத்தைத் தினமும் ஒரு மணி நேரம் கையில் வைத்திருக்கிறார். அந்த டாக்டர் அவரைத் தேர்ந்தெடுத்ததே குரல் இல்லாததால். வாயைத் திறந்தால் வேலை போகும், நாற்பது பேர் பிழைப்பும் போகும். "இவ்வளவு வருஷத்தில் நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக்கொண்டது இப்போதுதான்" என்று டாக்டர் மேனேஜரிடம் சொன்னாராம். மேனேஜர் மாடக்கண்ணுவிடம், "ஏலே, இப்படியே இரு" என்று மெச்சினார்.

* இதை எனக்குச் சொன்னவர் தாணு என்ற இன்னொரு எண்ணெய்க்காரர். அவர் சொன்னது ஐம்பது பேர். நான் பன்னிரண்டாக்கினேன். கதையென்றால் பெருக்குவார்கள் என்பது வெளியூரார் நினைப்பு. எங்கள் ஊரில் கதை எழுதுகிறவன் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

5

ஒன்பதாம் நாள்.

[இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிவிட்டேன். மாடக்கண்ணு சொன்னது ஐந்தே வாக்கியம். நான் அதில் ஊதியதையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த ஐந்துதான் மிச்சம் நிற்கிறது.]

தோளைப் பிடித்து முடித்து விரல் கழுத்துக்கு ஏறியது. இடது தாடைக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் இருந்தது. அளவும் கனமும் நழுவாமல் நிற்கிற நிலையும் எல்லாம் தன் கழுத்தில் இருக்கிற அதே மாதிரி. விரல் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் கண்ணைத் திறந்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக எடுத்து, "அங்கே வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டருக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் தோன்றுகிறது. தெரியாதவர் "என்ன அது?" என்று கேட்டிருப்பார். சாதாரணக் கட்டிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். சாதாரணமில்லை என்று தெரிந்து, அதனால்தான் மதராஸை விட்டு ஓடிவந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. ஆயிரம் தொண்டைக்குள் பார்த்த மனிதர் தன் தொண்டையை இன்னொருவரிடம் காட்டக் கூச்சப்பட்டிருக்கலாம். பாத்திரத்தின் மனசுக்குள் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் கதைக்காரன் வேலை என்பார்கள். நான் போனேன். வாசல் சாத்தியிருந்தது.

6

மாடக்கண்ணு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவருடைய சம்சாரம் வள்ளித்தாய் பயந்துவிட்டாள். ஐந்தாறு மாதமாகச் சிரிக்காத மனிதர் சிரித்துக்கொண்டே வந்தார். வள்ளித்தாய் அருவிக்கரையில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் விற்கிறவள். அவளை உட்காரவைத்துக் காதில் சொன்னார்.

"ஏட்டி, டாக்டருக்கே இருக்கு."

"என்னது இருக்கு?"

"இதேதான். இதே மாதிரி. அவரு அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டாரு. தெனமும் குளிக்காரு, பலாச்சுளை திங்காரு, நல்லா ஒறங்குதாரு. தொண்டைக்கே படிச்ச டாக்டரு. கெட்டதா இருந்தா விட்டுவச்சிருப்பாரா?"

வள்ளித்தாய்க்கு இதில் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு கடிதம் எழுத வந்தவரிடம், உள்ளூர் டாக்டரிடம் போகலாமே என்று நான் கேட்டபோது, "பெரிய டாக்டருக்கே இருக்குன்னு ஆயிட்டு. இதுல சின்ன டாக்டருகிட்டக் கேக்கதுக்கு என்ன இருக்கு அய்யா?" என்றார். தருக்க சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

மாடக்கண்ணு அதோடு நிற்கவில்லை. டாக்டர் அந்தக் கட்டியை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று கவனித்து, அதே பக்குவத்தைத் தனக்கும் செய்யத் தொடங்கினார். டாக்டர் இரண்டு மங்குஸ்தான் தின்றால் இவரும் இரண்டு. டாக்டர் ஐந்தருவி வரை கைத்தடியோடு நடந்தால் இவரும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கூப்பிடு தூரத்தில் நடந்தார். டாக்டர் காலையில் வெறும் வயிற்றில் அரை மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் பார்ப்பார். பங்களாவிலிருந்து பழைய பேப்பர் ஒன்றை வாங்கி வந்து மாடக்கண்ணுவும் பார்த்தார். அவருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. பக்கம் பக்கமாக, வரி தவறாமல் பார்த்தார். மூன்றாம் நாள் காது வலி சற்றுத் தேவலை என்றார். அதைக் கேட்டுத் தாணு, தன் முழங்காலுக்கு ஆகுமா என்று அந்தப் பேப்பரை இரவல் கேட்டார். "சாரல் ஓதம் படாமப் பாத்துக்கிடும்" என்று சொல்லி மாடக்கண்ணு கொடுத்தார்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லாமல் மறைப்பானேன். கூடவே என் அண்ணன் ஞாபகமும் வந்தது. அவருக்கும் காது வலியில்தான் ஆரம்பித்தது. ஐந்து மாதம் இருந்தார். "சாதாரணப் புண்தானே?" என்று தினமும் கேட்பார். "சாதாரணப் புண்தான்" என்று தினமும் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். இந்த ஊரில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடும் என்று பயம். நானும் இத்தனை பக்கம் எழுதாமல் வந்துவிட்டேன். புற்று. எழுதிவிட்டேன், எழுதியதால் ஒன்றும் ஆகவில்லை.

7

பன்னிரண்டாம் நாள் டாக்டர் திடீரென்று புறப்பட்டுவிட்டார். இன்னும் பத்து நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தவர். தந்தி வந்தது என்று ஒரு கட்சி, வரவில்லை என்று ஒரு கட்சி. கார் நகருமுன் அவர் மாடக்கண்ணுவைப் பார்த்தார். மாடக்கண்ணுவும் பார்த்தார்.

இங்கே டாக்டரை ஏதாவது சொல்லவைக்க வேண்டும் என்று நான் பட்டபாடு கொஞ்சமல்ல. ஒரு பிரதியில் "மதராஸுக்கு வாருங்கள், உங்கள் தொண்டையைப் பார்க்கிறேன்" என்றார். இன்னொன்றில் வாயைத் திறந்தார், அதற்குள் கார் உறுமிவிட்டது. இரண்டையும் மாடக்கண்ணுவிடம் வாசித்துக் காட்டினேன். "அவரு ஒண்ணும் சொல்லலய்யா" என்றார். சரி, ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் போனதும் மாடக்கண்ணுவின் வைத்தியம் நின்றுபோயிற்று. இனி எத்தனை பழம் தின்பது, எவ்வளவு தூரம் நடப்பது? அதைவிடப் பெரிய கவலை, அவர் ஏன் போனார்? கட்டி கெட்டுவிட்டதா? டாக்டருடைய கட்டி கெட்டால் தன்னுடையதும் கெட்டது. டாக்டர் சௌக்கியம் என்றால் தானும் சௌக்கியம். ஆகவேதான் ஆவணி மாதம் என்னைத் தேடி வந்தார். தன் உயிர் எப்படி இருக்கிறது என்று மதராஸுக்கு எழுதிக் கேட்க வந்தார்.

எழுதினேன். விலாசத்தைப் பங்களா மேனேஜரிடம் வாங்கினேன். கார்டில் எழுதினால் டாக்டர் வீட்டு வேலைக்காரர் முதல் எல்லோரும் வாசித்துவிடுவார்கள் என்று கவரில் போட்டேன். கடைசியில் என் சொந்தப் பொறுப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "எழுதச் சொன்னவருக்கும் அதே மாதிரி இருக்கிறது."

ஆவணி போயிற்று. பதில் இல்லை. புரட்டாசியில் மாடக்கண்ணு வாரம் மூன்று தடவை தென்காசிக்கு நடந்து வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிற்பார். நான் கையை விரிப்பேன். திரும்பி நடப்பார். வருகிற ஒவ்வொரு தடவையும் சட்டை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது என்று வள்ளித்தாய் சொன்னாள். இங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டும் என்று நான் சத்தம் போட்டேன், கெஞ்சினேன். "டாக்டரய்யா பதில் வரட்டும்" என்பார்.

8

இந்த இடத்தில் கதை எனக்குப் பயன்படும் என்று நினைத்தேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், டாக்டரிடமிருந்து பதில் வருகிறது. "வெறும் கொழுப்புக் கட்டி, கவலை வேண்டாம்." மாடக்கண்ணுவுக்குக் குரல் திரும்புகிறது. அருவிக்கரையில் பழையபடி கொலைக் கேஸ் சொல்லுகிறார். இதை எழுதி முடித்த அன்று மாடக்கண்ணு வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தது பாதி மூக்கு வழியாக வந்தது. அந்தக் காகிதத்தை அவர் கண்ணில் படாமல் புஸ்தகத்துக்கு அடியில் தள்ளினேன்.

இரண்டாவதில், அங்கே டாக்டரும் இங்கே மாடக்கண்ணுவும் ஒரே நாளில், ஒரே நாழிகையில்... பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, குற்றாலநாதர் சன்னிதியில் ஒரு

வேண்டாம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பத்திரிகைக்காக முடிவு எழுதி என்ன பிரயோசனம்? மாடக்கண்ணுவுக்கே ஒரு முடிவு எழுதிக் கொடுத்தால்? டாக்டருடைய பதிலை நானே எழுதினால்? அண்ணனுக்கு நான் சொன்ன பொய், ஆளைப் படுக்கையிலேயே கிடத்திய பொய். இது எழுப்பி நடக்கவைக்கிற பொய்யாக இருக்கட்டும்.

மதராஸ் முத்திரை குத்திய கவர் ஒன்று வேண்டும். கதை எழுதுகிறவன் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பத்திரிகை ஆசிரியர் என் கதைகளைத் திருப்பி அனுப்பிய கவர்கள் பதினொன்று இருந்தன. கசங்காததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, உள்ளே என் கடிதத்தை வைத்தேன்:

"அன்புள்ள மாடக்கண்ணுவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் விரல் கண்டது சரிதான். இத்தனை நாள் பார்க்காமல் விட்டது என் தப்பு. இப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை செய்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருக்குமானால் ஒரு நாளும் தாமதிக்காமல் புறப்பட்டு வந்து காட்டவும்."

நான் எழுதியவற்றில் இதுதான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

9

மாடக்கண்ணுவையும் வள்ளித்தாயையும் உட்காரவைத்து வாசித்தேன். கடைசி வரியை நிறுத்தி, அழுத்தி வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாடக்கண்ணு அழுதுகொண்டிருக்கிறார். சத்தம் இல்லாததால் எப்போது தொடங்கினார் என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியிலயா கெடக்காரு?"

"அது கெடக்கட்டும். கடைசி வரியக் கேட்டீரா? ஒம்மளத்தான் வரச் சொல்லுதாரு."

"அங்கன அவருக்கு எண்ணெய் தேய்க்க யாரு இருக்கா? கண்டவன் கையும் அந்தக் கழுத்துல பட்டா ஆவாதே."

"மாடக்கண்ணு, ஒம்ம தொண்டையக் காட்டச் சொல்லி எழுதியிருக்காரு."

"நான் போவணும் அய்யா. போயி ஒரு நடை பாத்துட்டு வாறேன். பாவம், நல்ல மனுசன்."

எழுத்தாளனுக்கு வாசகன் இப்படித்தான் வாய்க்கிறான். எதற்காக எழுதினோமோ அந்த வரியை விட்டுவிட்டு, அதற்கு முந்தின வரியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். இரண்டாந்தரம் வாசித்தேன், மூன்றாந்தரமும் வாசித்தேன். டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்பதிலிருந்து அவரை அசைக்க முடியவில்லை. பிறகு யோசித்தேன். எதற்காகப் போனால் என்ன? போகிற இடம் ஒன்றுதானே. வாயை மூடிக்கொண்டேன்.

10

மறுநாள் சாயங்கால வண்டி. தென்காசி ஸ்டேஷனில் மாடக்கண்ணு சலவை வேட்டி கட்டி, கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்திருந்தார். வள்ளித்தாயும் கூடப் போகிறாள். அவள் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள்.

"வாத்தியாரய்யா, அந்தக் காயிதம் நீங்க எழுதுனதுதானே?"

நான் தொட்டிக் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

"பட்டணத்து டாக்டரு எழுதுன மாதிரி இல்லியே. நீங்க பேசுத மாதிரியே இருந்துச்சு."

பத்திரிகை ஆசிரியரும் இதையேதான் சொல்லுவார். உங்கள் கதையில் எல்லோரும் உங்களைப் போலவே பேசுகிறார்கள் என்று.

"அவருகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொன்னா வண்டி ஏறுவாகளா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு அய்யா. அங்க போயும் இவுக வாயத் தெறக்க மாட்டாக. டாக்டருக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டுட்டு, அவரு நல்லா இருக்காருன்னு பாத்துட்டுத் திரும்பிருவாக. இன்னொரு காயிதம் எழுதித் தாங்க, டாக்டருகிட்டக் குடுக்கதுக்கு. அது நெசமா இருக்கட்டும்."

காகிதத்துக்கு எங்கே போவது? சட்டைப்பையில் இந்தக் கதையின் இரண்டாம் பிரதி இருந்தது. அதில் ஒரு தாளைத் திருப்பி, தொட்டிச் சுவரில் வைத்து எழுதினேன். வண்டி செங்கோட்டைப் பக்கம் ஊதுவது கேட்டது. பிள்ளையார் சுழி போடவில்லை, க்ஷேமம் விசாரிக்கவில்லை.

"அய்யா, இதைக் கொண்டுவருகிறவர் மாடக்கண்ணு. உங்களைப் பார்க்க வந்ததாகச் சொல்லுவார். அவரை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் காரியம். தை மாதத்திலிருந்து குரல் இல்லை. வலது காதில் வலி. கழுத்தில் கட்டி. சோறு இறங்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாக உங்கள் பெயரில் பொய்க் கடிதம் எழுதியவன் நான். அது பொய்யாகவே இருந்தால் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுங்கள், சந்தோஷமாக வருகிறேன். ஒருவேளை உங்களுக்கும் உண்மையாகவே கட்டி கெட்டிருந்தால், தயவுசெய்து நீங்களும் யாரிடமாவது காட்டுங்கள்."

அடியில் டாக்டர் வீட்டு விலாசத்தையும் குறித்துக் கொடுத்தேன். வள்ளித்தாய் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாடக்கண்ணு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டது போல நான் தலையை ஆட்டினேன்.

11

அவர்கள் போய் முப்பத்திநான்கு நாள் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை. மாடக்கண்ணு வாயைத் திறந்தாரா, உள்ளே என்ன இருந்தது, டாக்டர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நல்லதாக ஒன்றும் கெட்டதாக ஒன்றும் இப்போதே எழுத முடியும். அதில் கைதேர்ந்தவன்தான். எழுத மாட்டேன்.

இந்தப் பத்திரிகை அதிகம் விற்பது மதராஸில். ஆகவே இந்தக் கதையின் முடிவு உங்கள் ஊரில்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை. டாக்டர் பெயரைத்தான் மாற்றினேன். மாடக்கண்ணு, வள்ளித்தாய் என்பவை உண்மைப் பெயர்கள். அகலத் தோள், நரைத்த மீசை, கழுத்தில் துண்டு, கையில் எண்ணெய்ப் போத்தல். பேசினால் காற்றுதான் வரும், காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலோ எழும்பூர் ஸ்டேஷனிலோ அவர்களை யாராவது பார்த்திருந்தால், நல்லதானாலும் கெட்டதானாலும், இரண்டு வரி எழுதிப் போடுங்கள். தமிழ் வாத்தியார், தென்காசி என்றால் வந்து சேர்ந்துவிடும். ஸ்டாம்பு ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை, இரட்டைக் கட்டணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.